இசியுவை (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டியை) பானெட்டுக்குள் மாற்றப் போகிறீர்களா?

1992–95 ஹோண்டா சிவிக்கில் இசியு முன் பயணியின் கால் பக்கம் இருக்கும். அதை எஞ்சின் பக்கம் கொண்டுவர நினைத்தால் ஒன்றை மறக்காதீர்கள்: அந்தப் பெட்டி கேபினுக்காகச் செய்தது, தண்ணீரையும் சூட்டையும் தாங்காது.

முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். அப்புறம் இடம். எஞ்சினின் சூடான புகை வெளியேறும் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை விட்டு எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. இசியுவுக்குள்ளே மின்சாரத்தைத் தேக்கும் கபாசிட்டர்களுக்குச் சூடுதான் எமன். 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

தண்ணீர் புகாத வெளிப்பெட்டி ஒன்று கட்டாயம். ஆனால் அதைக் காற்றே போகாதபடி அடைத்துவிடாதீர்கள். இந்த இசியுவுக்குள்ளேயே காற்றழுத்த சென்சார் இருக்கிறது. அது வெளிக்காற்றை உணர வேண்டும். அடிப்பக்கம் சின்ன துளை போதும், உள்ளே கோர்க்கும் ஈரமும் அதன் வழியே இறங்கிவிடும்.

வயர்கள் கீழிருந்து மேலேறி நுழையட்டும். வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிப்போகும். சென்சார் வயர்களை ஸ்பார்க் பிளக் வயர்களோடு சேர்த்துக் கட்டாதீர்கள். பெட்டியை ரப்பர் புஷ் வைத்து முடுக்குங்கள். சர்வீஸுக்கு விடும்போது, பானெட்டுக்குள் வாட்டர் வாஷ் வேண்டாம் என்று கட்டாயம் சொல்லிவிடுங்கள்.