பசை மேல் பழி போடுவதற்கு முன்: உலோகத்தோடு கார்பன் ஃபைபரை ஒட்டுவதில் நடக்கும் தவறுகள்

ஒட்டு விட்டுப்போன துண்டு கையில் கிடைத்தால் முதலில் உடைந்த முகத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் பசை பிய்ந்து ஒட்டியிருந்தால் அது தன்னால் முடிந்த மட்டும் இழுத்துப் பிடித்துவிட்டுத்தான் கிழிந்திருக்கிறது. அலுமினியப் பக்கம் பளபளவென்று வெறுமையாக இருந்து, பசை முழுவதும் கார்பன் பக்கம் போயிருந்தால் கதை வேறு. அந்தப் பசை உலோகத்தைப் பிடிக்கவே இல்லை. ஃபார்முலா ஸ்டூடன்ட் கார் கட்டும் கல்லூரி அணிகள் சஸ்பென்ஷனுக்காகக் கார்பன் குழாய்க்குள் அலுமினிய முனையைச் செருகி ஒட்டுவார்கள். அது கழன்றால் "மட்டமான பசை, வேற வாங்கணும்" என்பதுதான் முதல் பேச்சாக இருக்கும். பெரும்பாலும் பசை நிரபராதி.

அலுமினியத்தில் நாம் உலோகத்தை ஒட்டுவதே கிடையாது, அதன் மேலிருக்கும் ஆக்சைடு படலத்தைத்தான் ஒட்டுகிறோம். தேய்த்த கணமே காற்றுப் பட்டு அது உருவாகிவிடும். புதுப்படலத்தில் பசை நன்றாகவே பிடிக்கும், அதனால் அன்றைக்கே இழுத்துப் பார்த்தால் சோதனையில் தேறிவிடும். ஏமாற்றுவதும் இதுதான். மாதக்கணக்கில் ஈரம் ஊடுருவும்போது படலம் நீரை உறிஞ்சி, உப்பி, வலுவற்ற பொருக்காக மாறுகிறது. பசை அப்படியே இருக்க, அடியில் நிலம் பெயர்ந்துவிடும்.

இதற்கு மருந்து வெறும் உப்புத்தாள் அல்ல. தேய்த்த பரப்பில், உலோகத்தையும் பசையையும் பிணைக்கும் சிலேன் கரைசலைப் பூசலாம், அல்லது விமானத் துறை செய்வதுபோல் பாஸ்பாரிக் அமிலத்தில் அனோடைஸ் செய்யலாம், அதாவது மின்சாரம் செலுத்தி ஆக்சைடு படலத்தை வளர்க்கலாம். அப்படி வளரும் படலத்தில் நுண்துளைகள் இருக்கும், பசையோ பிரைமரோ அந்தத் துளைகளுக்குள் இறங்கி வேர்பிடிக்கும். "அனோடைஸ் பண்ணியாச்சு சார்" என்று நீலமோ சிவப்போ நிறமேற்றிய முனையைக் கொண்டு வருபவர்கள் உண்டு. அழகுக்காகச் செய்யும் சல்ஃப்யூரிக் அனோடைசிங்கில் கடைசியில் துளைகளை அடைத்துவிடுவார்கள். பசை இறங்க வழியே இருக்காது.

சுத்தம் செய்யும் வரிசையிலும் கோட்டை விடுகிறோம். லேத்திலிருந்து வந்த துண்டில் கூலன்ட் எண்ணெய் இருக்கும். அதைத் துடைக்காமல் தேய்த்தால் எண்ணெயைக் கீறல்களுக்குள் நாமே திணிப்பதாக ஆகும். முதலில் துடைக்க வேண்டும், பிறகு தேய்க்க வேண்டும், மறுபடி துடைக்க வேண்டும். பட்டறையில் கிடக்கும் பனியன் வேஸ்டும் பெயிண்ட் கடைத் தின்னரும் இதற்கு ஆகாது. அசிட்டோன் நனைத்த வெள்ளைத்துணியால் துடைத்து, அது ஆவியாகும் முன்பே இன்னொரு உலர்ந்த துணியால் வழித்தெடுக்க வேண்டும். தானாகக் காயவிட்டால் கரைந்த அழுக்கு அங்கேயே படிந்துவிடும். கடைசியில் சுத்தமான தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். ஒரே படலமாகப் பரவி நின்றால் சரி, தாமரை இலைத் தண்ணீர்போல் முத்து முத்தாகத் திரண்டால் திரும்ப முதலிலிருந்து. தேறிய துண்டை நன்றாக உலர்த்தி, விரல் படாமல் அன்றைக்கே ஒட்டிவிட வேண்டும்.

கார்பன் பக்கம் சிக்கல் வேறு மாதிரி. அச்சில் வார்த்த முகத்தில், அச்சோடு ஒட்டாமலிருக்கத் தடவிய மெழுகு (ரிலீஸ் வேக்ஸ்) இருக்கும். வார்க்கும்போது மேலே போட்டு, இறுகியபின் உரித்தெடுக்கும் துணிக்குப் பீல் ப்ளை என்று பெயர். அதை உரித்த முகம் சொரசொரப்பாக, ஒட்டத் தயாராக இருப்பதுபோலத் தெரியும். ஆனால் சிலவகைப் பீல் ப்ளைத் துணி தன் மேலிருக்கும் பூச்சையே அங்கு விட்டுவிட்டுப் போகும். லேசாகத் தேய்த்தே ஆக வேண்டும். பளபளப்பு போகும்வரை தேய்த்தால் போதும், இழையை அறுக்கக் கூடாது. அதே அறையில் யாராவது சிலிக்கோன் ஸ்ப்ரே அடித்தால் அன்றைய வேலையை நிறுத்திவிடுவது உத்தமம்.

கார்பன் மின்சாரம் கடத்தும் என்பதும் மறந்துபோகிறது. அலுமினியத்தை நேராகத் தொட்டு, இடையில் உப்பீரமும் சேர்ந்தால் ஒரு மின்கலம் உருவாகி, அரிபடுவது அலுமினியம்தான். இடையே மெல்லிய கண்ணாடியிழைத் துணி ஒரு அடுக்கு போட்டால் இந்தத் தொல்லை தீரும்.

இனி இடைவெளி. முனையை இறுக்கமாகக் கடைவது நல்ல வேலைப்பாடு என்று லேத்காரர் நினைப்பார். ஒட்டுக்கு அது எமன். உள்ளே தள்ளும்போது பசை முழுவதும் வழித்து வெளியே வந்துவிடும். மறுமுனை மூடிய குழாய் என்றால் அடைபட்ட காற்று வேறு பிஸ்டன்போல் எதிர்த்துத் தள்ளும். ஒரு பக்கத்துக்கு 0.1 முதல் 0.25 மி.மீ. இடம் விட்டு, பசையில் கொஞ்சம் நுண் கண்ணாடி மணிகள் கலந்தால் முனை நடுவில் நிற்கும். காற்று வெளியேற ஒரு சிறு துளை போதும். 20 மி.மீ. விட்டத்தில் 30 மி.மீ. நீளம் ஒட்டினால் சுமார் 1,885 சதுர மி.மீ. பரப்பு. பசையின் வலுவைச் சதுர மி.மீட்டருக்கு 20 நியூட்டன் என்று வைத்தால் மூன்றே முக்கால் டன்னுக்கு மேல் தாங்க வேண்டும். இது ஏட்டுக் கணக்கு. உண்மையில் சுமையின் பெரும்பங்கை ஒட்டின் இரு ஓரங்களே சுமக்கின்றன, ஆகவே நீளத்தை இரட்டித்தால் பலம் இரட்டிக்காது. ஓரத்தைச் சரிவாக மெலித்தால் பலன் அதிகம்.

கலவையில் ஒரு பழக்கதோஷம் உண்டு. பாலியஸ்டர் ரெசினில் கைபழகியவர்கள் சீக்கிரம் இறுக வேண்டும் என்று, ரெசினை இறுகவைக்கும் ஹார்டனரைக் கூட்டுவார்கள். இந்த ஒட்டுக்குப் போடும் எப்பாக்ஸிப் பசையில் ஹார்டனர் வினையைத் தூண்டிவிடும் பொருள் மட்டும் அல்ல, ரெசினோடு சேர்ந்து பிணையும் பாதி உடம்பு. மிஞ்சினால் அது பிணையாமல் உள்ளேயே நின்று ஒட்டை இளக்கும். அரால்டைட் ஏடபிள்யூ 106 ரெசின், ஹெச்வி 953 ஹார்டனர் ஜோடிக்குக் கன அளவில் சமபங்கு, எடையில் 100-க்கு 80. தராசில் சமமாக நிறுத்துப் போட்டால் தவறு. சூட்டையும் யோசியுங்கள்: ஒரு மீட்டர் அலுமினியம் 60 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய 1.4 மி.மீ. நீளும், கார்பன் இழைத் திசையில் அநேகமாக நீளாது. அந்த வித்தியாசம் முழுவதும் பசையின் தலையில் விடியும்.

ஈரம் என்ன செய்யும் என்பதற்கு 1988 ஏப்ரல் 28-இல் ஹவாயில் நடந்ததே சாட்சி. ஹிலோவிலிருந்து ஹொனலுலு போன அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 விமானத்தில், சுமார் 24,000 அடி உயரத்தில், 18 அடி நீளக் கூரை பிய்ந்து போனது. பணிப்பெண் ஒருவர் இறந்தார். ஆரம்பகால 737-களில் உடற்தகட்டு மூட்டுகளை எப்பாக்ஸி ஊறிய துணியால் குளிர்முறையில், அதாவது சூடேற்றாமல் அறைச்சூட்டிலேயே இறுகவிட்டு, ஒட்டினார்கள். பசையைக் குளிரில் வைத்திருக்க வேண்டும், எடுத்தால் அதன்மேல் பனித்துளி படியும், மேற்பரப்புத் தயாரிப்பும் சீராக இல்லை. ஒட்டு விட்டது, இடுக்கில் அரிப்பு புகுந்தது, சுமை ரிவெட்டுகளுக்கு மாறியது, ஓட்டைகளைச் சுற்றி விரிசல் ஓடியது. அதற்குள் அந்த விமானம் 89,680 முறை பறந்திருந்தது. ஃப்ரீசரில் வைத்த பசையை உறை பிரிக்காமலேயே அறைச்சூட்டுக்கு வரவிட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

"அல்ட்ராசோனிக்கில் பார்த்தோம், நல்லா இருக்கு" என்று ஒலியலைச் சோதனையை நம்பி நிம்மதி கொள்ள வேண்டாம். அது வெற்றிடத்தைக் காட்டும், தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் பலமற்ற ஒட்டைக் காட்டாது. உண்மையான துண்டோடு, அதே கையால், அதே நாளில், இரண்டு அலுமினியப் பட்டைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி வையுங்கள். இறுகியபின் ஒரு ஓரத்தில் ஆப்பு அடித்து, விரிசல் நின்ற இடத்தில் பேனாவால் கோடு போடுங்கள். மூடிய டப்பாவில் ஈரத்துணியோடு 50 டிகிரி சூட்டில் வைத்து, மறுநாள் காலை எடுத்து, விரிசல் கோட்டைத் தாண்டி எவ்வளவு ஓடியிருக்கிறது என்று அளந்து, பட்டைகளைப் பிரியுங்கள். அந்த இரவில் ஓடிய இடத்தில் வெறும் அலுமினியம் பளபளத்தால், காரில் மாட்டியிருக்கும் முனையையும் கழற்றிவிட வேண்டியதுதான்.