நாளிதழை வைத்து நிகழ்தகவு படிக்கும் முறை

மதுரையில் கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் புள்ளியியல் சொல்லித் தருகிறேன். எந்த கோர்ஸில் சேரலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் முதலில் அன்றைய நாளிதழையும் பென்சிலையும்தான் கொடுப்பேன். கையால் எண்ணிப் பார்க்காதவருக்கு நிகழ்தகவு பிடிபடாது என்பது என் உறுதியான எண்ணம்.

1913-ல் ரஷ்யக் கணிதவியலாளர் ஆந்த்ரேய் மார்க்கோவ் செய்ததும் இதுதான். ரஷ்யக் கவிஞர் புஷ்கினின் 'யெவ்கேனி ஒனேகின்' என்ற செய்யுள் நாவலிலிருந்து 20,000 எழுத்துகளை எடுத்து, உயிர் எது, மெய் எது என்று எண்ணி, அடுத்த எழுத்து முந்தையதைச் சார்ந்தே வருகிறது என்று காட்டினார்.

நாம் புள்ளி உள்ள எழுத்து, புள்ளி இல்லாத எழுத்து என்று பிரித்துக்கொள்வோம். விளையாட்டுப் பக்கத்தை எடுங்கள். இரண்டு வரி, இரண்டு நெடுவரிசையாக நான்கு கட்டம் போட்டு (வரி முதல் எழுத்துக்கு, நெடுவரிசை அடுத்த எழுத்துக்கு), ஒரு சொல்லுக்குள் அடுத்தடுத்து வரும் ஜோடிகளைக் கோடு கிழித்து எண்ணுங்கள். கட்டங்களின் ஒவ்வொரு வரியையும் அதன் கூட்டுத்தொகையால் வகுத்தால் நிபந்தனை நிகழ்தகவு, அதாவது முதல் எழுத்து தெரிந்தபின் அடுத்தது எதுவென்பதன் நிகழ்தகவு, வந்துவிடும். புள்ளிக்குப் பின் புள்ளி வரும் கட்டத்தில் கோடுகள் குறைவாகவே விழும். 'சேர்த்து', 'வாழ்த்து' போல ய், ர், ழ் வரும் சொற்கள்தான் அதை நிரப்பும்.

கை பழகிய பிறகு பைத்தான் நிரல்மொழி. 'பக்தர்கள்' ஆறெழுத்துச் சொல். பைத்தானிடம் நீளம் கேட்டால் 9 என்று சொல்லும், யூனிகோடில் புள்ளி தனிக் குறியீடு என்பதால். ஓப்பன்-தமிழ் நிரலகம் எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும். இனி 247-க்கு 247 அட்டவணை போடலாம். (கிரந்த எழுத்துகளையும் பின்னால் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

விஷயமே இங்கேதான் இருக்கிறது. தமிழ்ச் சொல்லில் க் வந்தால் அடுத்தது க வரிசைதான். பள்ளியில் படித்த மெய்ம்மயக்கம். நீங்கள் எண்ணிய பக்கத்தில் க் 60 முறை வந்து, அறுபதிலும் க வரிசையே தொடர்ந்தது என்று வையுங்கள். இப்போது அழகர் ஆற்றில் இறங்கிய செய்தியைக் கொடுங்கள். பத்திக்குப் பத்தி பக்தர்கள் வருவார்கள். க்-குக்குப் பின் த வர நிகழ்தகவு 0. வாக்கியத்தின் நிகழ்தகவுக்கு ஜோடிகளின் நிகழ்தகவுகளைப் பெருக்க வேண்டும்; ஒன்று 0 என்றால் முழு வாக்கியமும் 0.

இதைத் தவிர்க்க, கணிதவியலாளர் லாப்லாஸ் வழியில் ஒவ்வொரு கட்டத்திலும் 1 கூட்டினால், க் வரியின் கூட்டுத்தொகை 60 + 247 = 307 ஆகி, த-வுக்கு 1/307 கிடைக்கும். ஆனால் க வரிசையின் 12 எழுத்துகளும் சேர்ந்து 72/307, அதாவது 0.23-க்குச் சரிந்துவிடும். பாடநூல் சொல்லும் 1 இங்கே மிக அதிகம். 0.01 கூட்டிப் பாருங்கள்: க வரிசைக்கு 0.96, த-வுக்கு 0.00016. எவ்வளவு கூட்டுவது என்பதை ஊகத்தில் முடிவு செய்யாதீர்கள். எண்ணாமல் ஒதுக்கிவைத்த பக்கம் ஒன்றில் வரும் ஜோடிகளின் நிகழ்தகவுகளுக்கு மடக்கை (log) எடுத்துக் கூட்டுங்கள்; அந்தக் கூட்டுத்தொகை எந்த எண்ணுக்கு அதிகமோ, அதை எடுங்கள்.

கூட்டிய அந்தச் சின்ன எண், தரவைப் பார்க்கும் முன்பே நீங்கள் வைத்திருக்கும் நம்பிக்கை. முன் நம்பிக்கையைத் தரவோடு சேர்த்துக் கணிக்கும் பேயஸ் முறையில் முன்நிகழ்தகவு என்பது அதுவே. அப்படியானால் எல்லாக் கட்டத்துக்கும் ஒரே எண் எதற்கு? இலக்கணம் தெரிந்த நீங்கள் க வரிசைக்கு 0.5, மற்றவற்றுக்கு 0.001 என்று வைத்து, அதே ஒதுக்கிய பக்கத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் பிறகு பேயஸ் பாடத்தைத் திறக்கலாம்.