பில்லி பிட்ஸரின் ஒளிப்பதிவு வாழ்க்கையை ஒரு மாலை அமர்வில் எடுத்துரைப்பது எப்படி

கோலாலம்பூரில் குறும்படம் எடுக்கும் தமிழ் இளையோரும், திருமணங்களையும் கோயில் திருவிழாக்களையும் படம்பிடித்துப் பிழைப்பு நடத்துவோரும் நிறையவே இருக்கிறார்கள். இவர்களுக்காகக் கல்லூரித் தமிழ்க் கழகத்திலோ பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்து மண்டபம் ஒன்றிலோ தொடக்க கால ஒளிப்பதிவைப் பற்றி ஓர் அமர்வு நடத்த விரும்புபவருக்கு எழுதப்பட்டது இந்த வழிகாட்டி. பேசுபொருளாக அமெரிக்க ஒளிப்பதிவாளர் ஜி. டபிள்யூ. பிட்ஸரை, அதாவது எல்லோரும் பில்லி என்று அழைத்த மனிதரை, எடுத்துக்கொள்ளுமாறு பரிந்துரைக்கிறேன். திரைப்படம் பிறந்த காலத்திலிருந்து பேசும் படம் வந்த காலம் வரை கேமராவின் பின்னால் நின்றவர் அவர். அவர் எடுத்த படங்களில் கணிசமானவற்றை வீட்டில் இருந்தபடியே கட்டணமின்றிப் பார்க்கவும் முடிகிறது.

முதலில் செய்ய வேண்டியது, வழக்கமான தொடக்கத்தைக் கைவிடுவது. இயக்குநர் டி. டபிள்யூ. கிரிபித்தோடு பிட்ஸர் சேர்ந்த 1908-ஆம் ஆண்டிலிருந்துதான் பெரும்பாலானோர் கதையைத் தொடங்குகிறார்கள். அப்படித் தொடங்கினால் ஒரு பெரிய இயக்குநரின் கைக்கருவியாகவே அவர் நமக்குத் தென்படுவார். ஆனால் 1908-இல் கிரிபித் திரைத்துறைக்குப் புதியவர். பிட்ஸரோ அதற்குள் பன்னிரண்டு ஆண்டுகள் கேமராவோடு அலைந்து முடித்தவர். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு அமர்வின் பாதி நேரத்தையாவது ஒதுக்குங்கள்.

படங்களைத் தேடும் வேலை எளிது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் இப்படங்கள் பல திறந்தே கிடக்கின்றன. அவை பிழைத்திருப்பதன் காரணத்தைப் பார்வையாளர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். 1912 வரை அந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் திரைப்படம் என்ற இனமே இல்லாததால், நிறுவனங்கள் தம் படங்களை ஒளிப்படங்களாகப் பதிவு செய்வதற்காகக் காகிதச் சுருளில் அச்சிட்டு ஒப்படைத்தன. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருள்கள் எரிந்தும் சிதைந்தும் போக, காகிதம் நின்றது. அந்தக் காகித அச்சுகள் 1950களில் தொடங்கிச் சட்டகம் சட்டகமாக மறுபடியும் படச்சுருளுக்கு மாற்றப்பட்டன. ஆகவே திரையில் தெரியும் சொரசொரப்புக்கும் மங்கலுக்கும் காகிதத்தின் இழைகளே பெரும்பாலும் பொறுப்பு. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், கேமராக்காரருக்குக் கைத்திறன் போதவில்லை என்று அரங்கம் முடிவு கட்டிவிடும். கையால் சுழற்றி எடுத்த படம் இன்றைய வேகத்தில் ஓடும்போது மனிதர்கள் துள்ளித் துள்ளி நடப்பதும் அவர் குற்றமல்ல. அப்படித் தெரியும் பிரதிகளில் இயக்கியின் வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்துக் காட்டினால் நடை இயல்புக்குத் திரும்பும்.

பிட்ஸர் 1870களில் பாஸ்டன் நகரின் ராக்ஸ்பரியில் பிறந்தவர், வெள்ளிப் பொருள் செய்யும் தொழிலில் இருந்தவர், மின்சாரம் பற்றிப் படித்தவர் என்ற மூன்று செய்திகள் இளமைக்குப் போதும். பின்னாளில் பயோகிராப் என்று பெயர் பெற்ற நிறுவனத்தில் அவர் மின்வினைஞராகவே நுழைந்தார். அந்நிறுவனம் எடிசனின் காப்புரிமையில் சிக்காதிருக்க 68 மில்லிமீட்டர் அகலச் சுருளைப் பயன்படுத்தியது. மின்மோட்டாரில் ஓடிய அந்தக் கனத்த கேமரா, துளையில்லாச் சுருளை உள்வாங்கிப் படம் பதிக்கும்போதே துளையும் இட்டது. இத்தகைய இயந்திரத்தை ஓட்டுவதற்குக் கலைஞரை விட மின்சாரம் தெரிந்தவரே தேவைப்பட்டார் என்பதிலிருந்து பிட்ஸரின் வாழ்க்கையை விளக்கிக்கொண்டு போகலாம். 1896 செப்டம்பரில் ஒஹாயோ மாநிலத்துக் கேன்டனில் அதிபர் வேட்பாளர் மெக்கின்லியைப் படம்பிடித்தபோது, நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான டிக்சனுக்கு உதவியாக அவர் இருந்தார். அதே ஆண்டு அக்டோபர் 12 அன்று நியூயார்க்கின் ஒலிம்பியா அரங்கில் நடந்த காட்சியில் திரையிடும் கருவியை அவரே இயக்கினார்.

1898-இல் கியூபாவில் நடந்த ஸ்பானிய-அமெரிக்கப் போரை அவர் படம்பிடித்ததை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடலாம். அடுத்து வரும் குத்துச்சண்டையில் சற்று நில்லுங்கள். 1899 நவம்பரில் கோனி தீவில் ஜெப்ரிஸும் ஷார்க்கியும் மோதிய 25 சுற்றுப் போட்டியைப் படம்பிடிக்க, மேடைக்கு மேலே சுமார் 400 வில் விளக்குகள் (கரிக்கோல்களுக்கு இடையே மின்சாரம் பாய்ந்து ஒளிரும் விளக்குகள்) தொங்கவிடப்பட்டன. அவற்றின் வெக்கை வீரர்களின் தலையில் இறங்கியது. சூரியனை நம்பாமல், உள்ளரங்கில், செயற்கை ஒளியில் ஒரு முழு நிகழ்ச்சியைப் பதிவு செய்யும் முயற்சி அது. திருமண மண்டபத்தில் விளக்கு கட்டும் நம் இளைஞர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அமர்வின் நடுநாயகமாக இரண்டு படைப்புகளைத் திரையிடுங்கள். முதலாவது, 1904-இல் பிட்ஸ்பர்க் வட்டாரத்து வெஸ்டிங்ஹவுஸ் தொழிற்சாலைகளில் அவர் எடுத்த தொடர். அதில் 21 சிறு படங்கள் எஞ்சியிருக்கின்றன. கூரையடியில் ஓடும் பாரந்தூக்கியில் கேமராவை ஏற்றி, நீண்ட கூடத்தின் ஒரு முனையிலிருந்து நகர்ந்தபடி கீழே வேலை செய்யும் மனிதர்களைப் பார்க்கும் காட்சியைத் தேர்ந்தெடுங்கள். அந்த இருண்ட கூடங்களுக்குப் பாதரச ஆவி விளக்குகளே வெளிச்சம் தந்தன. ஓட்டம் முடிந்ததும், 1916-இல் வெளியான ‘இன்டாலரன்ஸ்’ படத்தின் பாபிலோன் காட்சியை உடனே போடுங்கள். நூறு அடிக்கு மேல் உயர்ந்த மின்தூக்கிக் கோபுரத்தைத் தண்டவாளத்தில் நகர்த்தியபடியே கீழிறக்கி எடுக்கப்பட்ட அந்தக் காட்சி, திரைப்பட வரலாற்று நூல்களில் கிரிபித்தின் கற்பனைக்குச் சான்றாகக் காட்டப்படுவது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தவர், உயரத்திலிருந்து மிதந்து இறங்கும் அந்தப் பார்வையைப் பிட்ஸர் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தொழிற்சாலைக் கூரையில் பழகியிருந்தார் என்பதைத் தாமே கண்டுகொள்வார். இந்த ஒப்பீட்டுக்காக மட்டுமே ஓர் அமர்வு நடத்தினாலும் தகும் என்பது என் கருத்து.

இரண்டாவது, 1905-இல் எடுக்கப்பட்ட நியூயார்க் சுரங்க இரயில் படம். பதினான்காம் தெருவிலிருந்து நாற்பத்திரண்டாம் தெரு வரை, முன்னால் செல்லும் இரயிலைப் பின்தொடரும் இன்னோர் இரயிலின் முகப்பில் கேமரா இருந்தது. பக்கத்துத் தண்டவாளத்தில் விளக்குகளைச் சுமந்த ஒரு வண்டி இணையாக ஓடிவந்தது. தூண்கள் ஒளியை வெட்டி வெட்டிச் செல்ல, முன்னே போகும் பெட்டியின் பின்பக்கம் மட்டும் மினுங்கிக்கொண்டே இருக்கும். இதை வெறுமனே பார்ப்பதோடு விடாமல், அமர்வுக்கு முந்திய வாரமே பங்கேற்பாளர்களுக்கு ஒரு பயிற்சி கொடுங்கள். கே.எல். சென்ட்ரலில் கிளானா ஜெயா தடத்து எல்.ஆர்.டி. இலகு இரயிலில், கொம்பாக் செல்லும் திசையில், முதல் பெட்டியின் முகப்புக் கண்ணாடியருகே நின்றுகொள்ளச் சொல்லுங்கள். ஓட்டுநர் இல்லாத இரயில் என்பதால் பாதை முழுவதும் கண்ணுக்கு முன் விரியும். பாசார் செனி வரை மேம்பாலத்தில் பகல் வெளிச்சத்தோடு ஓடும் இரயில், மஸ்ஜித் ஜாமெக் நிலையத்திற்கு முன் நிலத்தடியில் இறங்குகிறது. அந்த இறக்கத்தைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்யட்டும். ஆனால் தானாக வெளிச்சத்தைச் சரிசெய்யும் வசதியைப் பூட்டிவிட வேண்டும். பூட்டியவுடன் சுரங்கத்தில் ஒன்றுமே பதியாது, சிக்னல் விளக்குப் புள்ளிகளைத் தவிர. இன்னோர் இரயில் நிறைய விளக்குகளை எதற்காகக் கொண்டுவந்தார்கள் என்பது அப்போது சொல்லாமலே விளங்கும். முக்காலி வைக்காமலும், பிற பயணிகளின் முகங்கள் விழாமலும் எடுக்குமாறு நினைவூட்டுங்கள்.

படச்சுருளின் குணத்தை விளக்கவும் ஒரு சிறு செய்முறை தேவை. அக்காலச் சுருளில் சிவப்பு அறவே பதியாது, மஞ்சள் மங்கும், நீலம் வெளுத்துப்போகும். இதைப் புரியவைக்க, குடும்பத் திருமணப் படம் ஒன்றை எடுத்துக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். மாற்றும்போது நீல வடிகட்டியைத் தேர்ந்தெடுங்கள். மணப்பெண்ணின் நெற்றியில் குங்குமம் கரிப்பொட்டாகும். சிவப்புக் கூறைப்புடவை கறுத்துவிடும், தாலிக்கயிற்றின் மஞ்சள் அழுக்குப்போல் தெரியும், மல்லிகை மட்டும் வெள்ளையாகவே இருக்கும். வெளியில் எடுத்த படமானால் நீல வானம் வெற்றுத்தாளாகிவிடும். நடிகர்கள் முகத்தில் வெளிறிய ஒப்பனை பூசிக்கொண்டதற்கும், மேகங்கள் அரிதாகவே தென்படுவதற்கும் இதுவே காரணம். பிட்ஸர் தம் வாழ்க்கையின் பெரும்பகுதியை இப்படிப்பட்ட சுருளோடு போராடிக் கழித்தவர். எல்லா நிறங்களையும் உணரும் சுருள் பரவலானது 1920களின் நடுப்பகுதியில்தான்.

இதற்குப் பிறகே கிரிபித் காலத்துக்கு வாருங்கள். கிரிபித்தின் முதல் படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் ஆர்தர் மார்வின். பிட்ஸர் அதே 1908-இல் கிரிபித்தோடு வேலை செய்யத் தொடங்கினார். அந்தக் கூட்டணியிலிருந்து பல நூறு குறும்படங்கள் வந்தன. எல்லாவற்றையும் தொட முயலாமல் இரண்டைக் காட்டுங்கள். 1909-இல் வந்த ‘எ டிரங்கர்ட்ஸ் ரிபர்மேஷன்’ குடிகாரத் தந்தை ஒருவர் மகளோடு நாடகம் பார்த்துத் திருந்தும் கதை. தோட்டத்துக் கள்ளுக்கடையால் குடும்பங்கள் சீரழிந்த கதைகளைக் கேட்டு வளர்ந்த நம்மவர்களுக்குக் கதைச்சுருக்கம் தேவைப்படாது. இறுதிக் காட்சியில் குடும்பம் கணப்பின் முன் அமர்ந்திருக்க, அங்கே மறைத்து வைத்த விளக்கின் ஒளி கீழிருந்து முகங்களில் படுகிறது. அதுவரை மேடை போல் எங்கும் சமமாக நிறைந்திருந்த வெளிச்சம், இங்கே ஓரிடத்திலிருந்து பிறந்து ஓர் உணர்ச்சியைச் சொல்கிறது. மண்டபத்தின் விளக்குகளை அணைத்து, ஒருவரைக் குத்துவிளக்கின் முன் தரையில் உட்காரவைத்துப் பார்த்தால், மூக்கின் நிழல் மேல்நோக்கி ஏறுவதும் கண்கள் உயிர்பெறுவதும் நேரிலேயே புலப்படும்.

1912-இல் வந்த ‘தி மஸ்கிடியர்ஸ் ஆப் பிக் ஆலி’ படத்தில், ரௌடிக் கூட்டத் தலைவன் சுவரையொட்டிப் பதுங்கியபடி கேமராவை நோக்கி வருகிறான். முகம் சட்டகத்தை நிரப்பும் வரை அவன் மேல் குவியம் (ஃபோகஸ்) விடாமல் பிடிக்கப்பட்டிருக்க, பின்னால் வருபவர்கள் மங்கிப்போகிறார்கள். இதையும் பயிற்சியாக்கலாம். துங்கு அப்துல் ரஹ்மான் சாலையின் பழைய கடைவீடுகளின் ஐந்தடிப் பாதையில் நண்பர் ஒருவரை நடந்து வரச் செய்து, தொலைபேசியின் தானியங்கிக் குவியத்தை நிறுத்திவிட்டு, விரலால் குவியத்தை நகர்த்தி அவர் முகத்தைப் பின்தொடரச் சொல்லுங்கள். பெரும்பாலானோருக்கு முதலில் தப்பும். பிட்ஸரோ லென்ஸ் வழியே நேராகப் பார்க்க முடியாத நிலையில், ஒரு கையால் கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டே படமெடுத்த காலத்தவர்.

1915-இல் வெளியான ‘தி பர்த் ஆப் எ நேஷன்’ படத்தை மறைக்கவும் கூடாது, மேன்மைப்படுத்தவும் கூடாது. அது கறுப்பின மக்களை இழிவுபடுத்தி, கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டத்தை வீரர்களாகக் காட்டிய படம். அதன் பின் அந்தக் கூட்டம் மறுபடியும் தலையெடுத்தது. பிட்ஸரின் கேமரா அதற்கும் உழைத்தது என்பதை அதே தெளிவோடு சொல்லுங்கள். காட்சிகளைத் தனியே வெட்டி அழகுக்காக மட்டும் காட்டுவதை நான் ஏற்கவில்லை.

இறுதிப் பகுதி அவருடைய இறங்குமுகத்தைப் பற்றியது. அதைச் சுருக்கமாக, காரணத்தோடு சொல்லுங்கள். 1919-இல் வந்த ‘புரோக்கன் பிளாசம்ஸ்’ படத்தில் நடிகை லிலியன் கிஷ்ஷின் முகத்தை மென்மையாகக் காட்ட ஹென்ட்ரிக் சார்டோவ் என்ற ஒளிப்படக்காரர் வந்து சேர்ந்தார். அன்றுமுதல் கிரிபித்தின் நம்பிக்கை பிளவுபடத் தொடங்கியது. 1929-இல் வந்த ‘லேடி ஆப் தி பேவ்மென்ட்ஸ்’ படத்தில் ஒளிப்பதிவாளர் கார்ல் ஸ்ட்ரஸ்ஸோடு சேர்ந்து பணியாற்றியதோடு கிரிபித்துடனான அவரது உறவு முடிந்தது. பேசும் படம் வந்தபின் அவருக்குப் பெரிய வாய்ப்புகள் கிடைக்கவில்லை. 1930களின் பிற்பகுதியில் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பழைய படங்களைப் பேணும் பணிக்கு உதவிய அவர், 1944-இல் லாஸ் ஏஞ்சலஸில் காலமானார்.

அவரது தன்வரலாறு 1973-இல் வெளிவந்தது. முதுமையில் நினைவிலிருந்து எழுதப்பட்டது என்பதால், அதில் வரும் ‘நானே முதலில் செய்தேன்’ என்ற கூற்றுகளை அப்படியே எடுத்துச் சொல்லாமல் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். நெருக்கக்காட்சி, பின்னொளி, மங்கி மறையும் காட்சி ஆகிய எதையும் ஒரே மனிதர் கண்டுபிடித்ததாகச் சொல்ல வேண்டாம். அமர்வுக்கான அறிமுகத்தாளில் ஒவ்வொரு படத்தின் பெயருக்கும் எதிரே ஆண்டையும் ஒளிப்பதிவாளர் பெயரையும் எழுதுங்கள். பிட்ஸரும் மார்வினும் சேர்ந்து எடுத்ததாகப் பதிவான படங்களில் இருவர் பெயரையும், சார்டோவ் எடுத்த நெருக்கக்காட்சிகளுக்கு அவர் பெயரையும் தவறாமல் இடுங்கள்.