மதுரையின் பெயர்களும் அடைமொழிகளும்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையைப் பற்றிய சுற்றுலாக் கையேடு, பள்ளி ஆண்டு மலர், போட்டித் தேர்வுக் குறிப்பு என எதை எடுத்தாலும் ஒரு பட்டியல் வந்துவிடும்: கூடல், ஆலவாய், கடம்பவனம், தூங்கா நகரம், மல்லிகை மாநகர், கிழக்கின் ஏதென்ஸ். எல்லாம் ஒரே வரிசையில், ஒரே எடையில். இவற்றில் சில புலவர்கள் பாடியவை, சில தலபுராணம் தந்தவை, சில அண்மைக் காலத்தில் பேச்சுவழக்கில் வந்தவை. பாண்டியர் கல்வெட்டுகளில் வரும் ஊர்ப்பெயரோ பெரும்பாலும் பட்டியலிலேயே இருக்காது. யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள் என்று கேட்காமல் எடுத்து எழுதுவதால்தான் தவறு வருகிறது.

அதிகம் பரவிய தவறிலிருந்தே தொடங்குவோம். "மதுரையைக் கிழக்கின் ஏதென்ஸ் என்று அழைத்தவர் மெகஸ்தனீஸ்" என்ற வாக்கியத்தைப் பலரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். மெகஸ்தனீஸ் சந்திரகுப்த மௌரியரின் அரசவைக்கு வந்த கிரேக்கத் தூதர். அவர் எழுதிய இண்டிகா முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. பின்னால் வந்த கிரேக்க, ரோமானிய ஆசிரியர்கள் எடுத்தாண்ட துண்டுகள்தான் மிச்சம். அந்தத் துண்டுகளில் ஹெராக்ளிஸின் மகள் பாண்டையா ஆண்ட தெற்கு நாடு வருகிறது. அது பாண்டிய நாட்டைக் குறிக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஏதென்ஸ் ஒப்பீடு அதில் இல்லை. "கிழக்கின் வெனிஸ்", "தென்னிந்தியாவின் மான்செஸ்டர்" போன்ற பட்டங்களைப் பார்த்தாலே தெரியும், ஐரோப்பிய ஊரை அளவுகோலாக வைத்து நம் ஊரைப் புகழ்வது ஆங்கிலேயர் காலத்து வழக்கம். அடைமொழி பிடித்திருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். மெகஸ்தனீஸின் தலையில் மட்டும் கட்ட வேண்டாம்.

அடுத்தது தூங்கா நகரம். இதைச் சங்க காலத்துப் பெயர் என்று எழுதுகிறவர்கள் மதுரைக்காஞ்சியைச் சான்று காட்டுவார்கள். மாங்குடி மருதனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குப் பாடிய அந்த 782 அடிப் பாட்டில் நாளங்காடியும் (பகல் கடைத்தெரு) அல்லங்காடியும் (இரவுக் கடைத்தெரு) வருவது உண்மைதான். இரவுக் கடை இருந்தது, சரி. அப்புறம் என்ன ஆயிற்று என்பதையும் புலவர் சொல்கிறாரே! முதல் யாமம் கழிந்த பிறகு சங்கொலி அடங்குகிறது. வணிகர்கள் "நொடைநவில் நெடுங்கடை அடைத்து" விடுகிறார்கள். மோதகமும் அடையும் விற்ற கூவியர் உட்கார்ந்த இடத்திலேயே "தூங்குவனர் உறங்க", விழாவில் ஆடிய கூத்தரும் ஓய்ந்துவிடுகிறார்கள். ஊரே "பாடு ஆன்று அவிந்த பனிக்கடல்", அதாவது ஒலி அடங்கிய குளிர்ந்த கடல், போல் கிடக்கிறது. அதற்குப் பிறகு விழித்திருப்பவர்கள் நூலேணியோடு வரும் திருடர்களும் அவர்களைத் தேடித் திரியும் ஊர்க்காவலர்களும்தான். தலை சாய்ந்தபடி உறங்கும் பலகாரக்காரரைக்கூட விடாமல் பார்த்து எழுதிய அந்தக் கண்ணுக்காகவே இந்தப் பகுதியை ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டும்.

பரிபாடல் திரட்டிலும் இப்படி ஓர் இடம் உண்டு. சேரர் தலைநகர் வஞ்சியும் சோழர் தலைநகர் கோழியும் (அதாவது உறையூரும்) சேவல் கூவி விழிக்கின்றன, எங்கள் ஊரோ மறை ஓதும் குரல் கேட்டுத் துயில் எழுகிறது என்று மதுரைக்காரர் பெருமைப்படுகிறார். தூங்கினால்தானே விழிக்க முடியும்! தூங்கா நகரம் என்பது பேருந்து நிலையமும் மொத்தச் சந்தையும் இரவுச் சாப்பாட்டுக் கடையும் சேர்ந்து கொடுத்த இக்காலப் பெயர். அப்படியே எழுதினால் அதன் மதிப்பு ஒன்றும் குறையாது.

கூடல், நான்மாடக்கூடல், ஆலவாய் மூன்றையும் ஒரே காலத்தில் வைப்பது இன்னொரு பிழை. நான்மாடக்கூடல் கலித்தொகையிலேயே இருக்கிறது. நான்கு மேகங்கள் நான்கு மாடங்களாகி ஊரைக் காத்தன என்ற கதை திருவிளையாடற் புராணத்தில் வருவது. பரஞ்சோதி முனிவரின் அந்த நூல் சங்கப் பாடல்களுக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது. கன்னி, கரியமால், காளி, ஆலவாய் என்ற நான்கு கோயில்களால் வந்த பெயர் என்றும் ஒரு விளக்கம் உண்டு. இரண்டையும் கலந்து "சங்க இலக்கியம் கூறும் நான்கு மேகங்கள்" என்று எழுதிவிடாதீர்கள். பாம்பு வாலை வாயில் கவ்வி எல்லை காட்டியது என்ற ஆலவாய்க் கதையும் புராணத்துக்குரியதே. தேவாரத்தில் ஆலவாய் சிவன் உறையும் தலம். சம்பந்தர் "ஆலவாயான் திருநீறே" என்று பாடியது அந்த இறைவனை முன்வைத்துத்தான். ஆகவே தேவார மேற்கோளை நகர வரலாற்றுக்குச் சான்றாக வைக்கும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும்.

இனி, பட்டியலில் விடுபடும் பெயர். பிற்காலப் பாண்டியர் கல்வெட்டுகளில் இந்த ஊர் "மாடக்குளக்கீழ் மதுரை" என்று வருகிறது. அரசன் மாடக்குளக்கீழ் மதுரைக் கோயிலில், அதாவது அரண்மனையில், இன்ன மண்டபத்தில் இன்ன இருக்கையில் அமர்ந்து ஆணையிட்டான் என்பது அவற்றில் திரும்பத் திரும்ப வரும் வாசகம். ஊருக்குத் தென்மேற்கில் இருக்கும் மாடக்குளம் கண்மாயை வைத்து அமைந்த முகவரி அது. அந்தக் காலத்து அரசு வழக்கில் மதுரைக்கு என்ன பெயர் என்று கேட்டால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். புகழ்ச்சி எதுவும் இல்லாமல் எந்த நீர்நிலைக்குக் கீழே ஊர் இருக்கிறது என்று மட்டும் சொல்லும் இந்தப் பெயரை விட்டுவிட்டு அடைமொழிகளை அடுக்குவது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது.

கல்வெட்டு என்றதும் வேறொரு குழப்பமும் நினைவுக்கு வருகிறது. "மதிரை கொண்ட கோப்பரகேசரி" என்பது முதலாம் பராந்தக சோழனின் பட்டம், ஊரின் பட்டம் அன்று. அதில் வரும் மதிரையைப் பார்த்து எழுத்துப் பிழை என்று திருத்திவிடுகிறவர்களும் உண்டு. அழகர்மலைக் குகையின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டிலேயே மதிரை என்ற வடிவம் இருக்கிறது. மேற்கோள் தரும்போது கல்லில் உள்ளபடியே விட்டுவிடுங்கள்.

நிர்வாகத் தகுதியைப் பொறுத்தவரை செய்தி சுருக்கம். 1866-ல் நகராட்சி, 1971 மே 1-ல் மாநகராட்சி. தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த இரண்டாவது மாநகராட்சி இது. செய்யுளிலும் மேடையிலும் வரும் "மாநகர்" வேறு, சட்டப்படியான மாநகராட்சி வேறு. 1950-ஆம் ஆண்டு நிகழ்ச்சியை எழுதும்போது "மதுரை மாநகராட்சி" என்று போட்டால் பிழை. அதேபோல் புவிசார் குறியீடு மதுரை மல்லிக்கும் சுங்குடிச் சேலைக்கும் கிடைத்தது. மல்லிகை மாநகர் என்பது அதனால் அரசு தந்த பட்டமாகிவிடாது.

கடைசியாக, இரண்டு மதுரைகளைக் கலப்பது. திருப்பாவையில் வரும் "மன்னு வடமதுரை" கண்ணன் பிறந்த ஊர், உத்தரப் பிரதேசத்து மதுரா. திண்டுக்கல் மாவட்டத்து வடமதுரை வேறு. இறையனார் களவியல் உரையிலோ கடைச்சங்கம் இருந்த ஊர் "உத்தர மதுரை" எனப்படுகிறது. தலைச்சங்கம் இருந்ததாக அந்த உரை சொல்லும், கடல் கொண்ட மதுரைக்கு வடக்கே இருப்பதால் அந்தப் பெயர், அது நம் வைகைக்கரை மதுரைதான். ஆங்கிலேயர் கால ஆவணங்களில் இது இன்னும் சிக்கலாகும். அவற்றில் நம் ஊர் "மதுரா", வடக்கே உள்ளது "முத்ரா". பழைய வரைபடத்திலோ அரசிதழிலோ "மதுரா மாவட்டம்" என்று கண்டால் அதை யமுனைக் கரைக்கு அனுப்பிவிடாமல், பக்கத்தில் திண்டுக்கல், பெரியகுளம் போன்ற பெயர்கள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.