படுக்கைகளைக் கூட்டுமுன் போடவேண்டிய கணக்கு

நோயாளிகள் பெருகிவரும் மருத்துவமனையை விரிவாக்க எண்ணும் நிர்வாகம், கட்டட வரைபடத்துக்கு முன்பாக உள்நோயாளிப் பதிவேட்டைத்தான் கையில் எடுக்க வேண்டும். ஆண்டுக்கு 7,300 பேர் சேர்க்கப்பட்டு, ஒவ்வொருவரும் சராசரியாக 4 நாட்கள் தங்கினால், நாள்தோறும் 80 படுக்கைகள் நிரம்பியிருக்கும்; டெங்கு பரவும் மழைக்காலத்தின் திடீர் நெரிசலுக்கு இடம் விட்டு, 80 விழுக்காடு நிரம்பலையே அளவாகக் கொண்டால் 100 படுக்கைகள் தேவைப்படும். தங்கும் நாட்களை 3 ஆகக் குறைத்தால் அத்தேவை 75 ஆகச் சுருங்கிவிடும் என்பதால், ஆய்வக முடிவுகளில் ஏற்படும் தாமதத்தையும் நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் நடைமுறையையும் முதலில் சீர்செய்வதே மிக மலிவான விரிவாக்கம் என உறுதியாகக் கருதுகிறேன்.

மதுரையில் 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கட்டணம் செலுத்துவோரின் வருவாயைக் கொண்டே ஏழைகளுக்கு இலவச சிகிச்சை அளித்தபடி படிப்படியாக வளர்ந்தது.

அவ்வாறு வருவாயைக் கொண்டே வளர இயலாமல் விரிவாக்கத்துக்குக் கடன் வாங்குவோர், புதிய பிரிவு இயங்கத் தொடங்கிய பின்னரே அசல் தவணை ஆரம்பிக்குமாறு வங்கியிடம் கோர வேண்டும். மருத்துவ சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால், அதற்காக வாங்கும் கருவிகளுக்குச் செலுத்திய வரியைத் திரும்பப் பெற இயலாது. அதையும், காப்பீட்டுத் தொகை வந்துசேரும் வரை செவிலியர் ஊதியத்துக்கும் மருந்துக்கும் தேவைப்படும் கையிருப்பையும் திட்டச் செலவிலேயே சேர்த்துவிட வேண்டும்.