தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதா? நிழலையும் வைட்டமின் டி அளவையும் பாருங்கள்

சென்னையில் மார்கழி உச்சிவெயிலில் நின்றால்கூட ஐந்தடி ஆளின் நிழல் நாலடியைத் தொடாது. கேப்டவுனில் ஜூன் பிற்பகுதியில் அதே ஆளுக்கு உச்சிவேளை நிழல் ஏறக்குறைய எட்டடி. நிழல் நம் உயரத்தைத் தாண்டிவிட்டால் தோலில் வைட்டமின் டி உருவாவது வெகுவாகக் குறையும். வெயில் சாய்ந்து வரும்போது அதற்கு வேண்டிய புற ஊதா பி கதிரை ஓசோன் பெரும்பாலும் உறிஞ்சிவிடுவதுதான் காரணம். ஆடிக் கூழ் ஊற்றும் மாதம் இங்கே நடுக்குளிர். டர்பனில் அப்போதும் வெயில் சற்றுத் தாராளம். ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கும் சமாளிக்கலாம். கேப்டவுன்காரர்கள்தான் உஷாராக இருக்க வேண்டும். காரிலும் ஆபீஸ் ஜன்னலோரத்திலும் காயும் வெயில் கணக்கில் சேராது. கண்ணாடி அந்தக் கதிரை விடாது.

"நம் தோல் கறுப்பு, அதனால்தான் வைட்டமின் டி குறைவு" என்று பலர் சொல்வது பாதிக் கதை. ஜோகன்னஸ்பர்க்கில் இரத்தம் எடுத்துப் பார்த்ததில், கறுப்பின ஆப்பிரிக்கர்களைவிட இந்திய வம்சாவளியினருக்குத்தான் அளவு குறைவாக இருந்தது. நிறம் மட்டுமே காரணமென்றால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? வெளியே இருக்கும் நேரம், உடை, உடற்கொழுப்பு, சாப்பாடு எல்லாவற்றுக்கும் பங்குண்டு. மரபணுவுக்கும் உண்டு. வைட்டமின் டி உருவாகத் தோலிலுள்ள மூலப்பொருளை டி.எச்.சி.ஆர்.7 என்ற மரபணு கொலஸ்ட்ரால் பக்கம் திருப்பிவிடும். சி.ஒய்.பி.2ஆர்1 என்ற மரபணு கல்லீரலில் வைட்டமினை அடுத்த வடிவத்துக்கு மாற்றும். ஜி.சி. என்ற மரபணு தரும் புரதம் அதை இரத்தத்தில் சுமந்து செல்லும். சி.ஒய்.பி.24ஏ1 என்ற மரபணு அதைச் சிதைக்கும். ஜி.சி.யின் வகைகள் ஆப்பிரிக்கர், ஐரோப்பியர், தெற்காசியரிடம் வெவ்வேறு விகிதத்தில் காணப்படுகின்றன. ஆனால் இதற்காக டி.என்.ஏ. கிட் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். பெரிய ஆய்வுகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சாவளியினரிடம் நடந்தவை. அவற்றை வைத்துக் கிட் தரும் மதிப்பெண் நமக்கு அப்படியே பொருந்தாது.

நேரடியாக 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி என்ற இரத்த டெஸ்ட் எடுங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் எடுத்தால் ஆண்டின் அடிமட்டம் தெரியும். ரிப்போர்ட்டில் அலகைப் பார்க்க மறக்காதீர்கள்: ஊர் ரிப்போர்ட் நானோகிராமில் இருந்தால் 2.5ஆல் பெருக்குங்கள், நானோமோல் கிடைக்கும். 50 நானோமோல் இருந்தால் போதும். 30க்குக் கீழே என்றால் பற்றாக்குறை. "அங்கே 20 இருந்தது, இங்கே 50 ஆகிவிட்டது" என்று மகிழ்பவர்கள் உண்டு. இரண்டும் ஒரே அளவுதான்.

சாப்பாட்டில் டின் மீன் நல்ல வழி. டர்பன் தமிழர் வீடுகளில் பில்ச்சர்ட் (மத்தி வகை மீன்) டின்னில் சட்னி வைப்பது சாதாரணம். சோள மாவிலும் கோதுமை மாவிலும் சட்டப்படி சேர்க்கும் சத்துகளில் வைட்டமின் டி கிடையாது. மரக்கறிக்காரர்கள் வைட்டமின் டி சேர்த்ததா என்று மார்ஜரின் லேபிளைப் பார்த்து வாங்கலாம்.

ஊரிலிருந்து பெட்டியில் வரும் 60,000 ஐ.யு. (சர்வதேச அலகு) வைட்டமின் டி பாக்கெட்டில்தான் கோளாறு நடக்கிறது. அது வாரம் ஒன்று, டாக்டர் சொன்ன வாரங்கள் மட்டும். இங்குள்ள டாக்டர் 50,000 ஐ.யு. கால்சிஃபெரால் (இதுவும் வைட்டமின் டிதான்) மாத்திரை எழுதினால், ஊர்ப் பாக்கெட்டும் எடுப்பதைச் சொல்லிவிடுங்கள். இரண்டும் மாதக்கணக்கில் சேர்ந்தால் இரத்தத்தில் கால்சியம் ஏறும்: ஓயாத தாகம், மலச்சிக்கல், வாந்தி, சிறுநீரகக் கல். சி.ஒய்.பி.24ஏ1 பழுதானவர்களுக்குக் குறைந்த அளவிலேயே இது வரும். அன்றாடத்துக்கு 600 ஐ.யு., எழுபது தாண்டினால் 800. தானாக 4,000ஐத் தாண்ட வேண்டாம். ஆரம்பித்து மூன்று மாதம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுங்கள். அதற்கு முன் எண் நிலைக்கு வந்திருக்காது.