பாதுகாப்புச் சோதனை நீள்கிறதா? கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

குடிவரவு விண்ணப்பத்துக்கான மருத்துவப் பரிசோதனை முடிந்தது, கைரேகை கொடுத்தாயிற்று, பொலிஸ் சான்றிதழும் அனுப்பியாயிற்று. ஆனால் விண்ணப்பத்தின் நிலையைப் பார்த்தால், பின்புலச் சோதனை (அதாவது பாதுகாப்புச் சோதனை) நடக்கிறது என்ற வரி மட்டும் மாதக்கணக்காக மாறவில்லை. எங்கள் ஆட்கள் பலர் கலங்கிப்போவது இங்கேதான். தாமதம் நிராகரிப்பு அல்ல என்பதை முதலில் மனதில் வையுங்கள்.

முடிவெடுப்பது குடிவரவுத் திணைக்களம். அதன் அதிகாரி தேவை என்று கருதினால் கோப்பை எல்லைச் சேவைகள் முகவரகத்துக்கும் சி.எஸ்.ஐ.எஸ். என்ற உளவு நிறுவனத்துக்கும் அனுப்புவார். அவர்கள் சொல்வது ஆலோசனை மட்டுமே.

இந்தச் சோதனை இப்போது அரசியலாகவும் ஆகிவிட்டது. 2024 ஜூலையில் ஒரு தந்தையும் மகனும் பயங்கரவாதக் குற்றச்சாட்டில் கைதானபோது, அவர்கள் எப்படி நாட்டுக்குள் வந்தார்கள் என்று பாராளுமன்றக் குழு அமைச்சர்களை அழைத்துக் கேட்டது. அதே ஆண்டு என்விரோனிக்ஸ் நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில் 58 சதவீதமானோர் குடிவரவு மிக அதிகம் என்றார்கள். இப்படிப்பட்ட பாராளுமன்ற விசாரணைகளைக் கண்டு நாங்கள் அஞ்சத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. சோதனை ஒழுங்காக நடக்கிறது என்று மக்கள் நம்பினால்தான் எங்களுக்குப் பின்னால் வருபவர்களுக்கும் கதவு திறந்திருக்கும். அதே கண்காணிப்பு எங்களுக்கு அநீதி நடக்காமலும் பார்க்க வேண்டும். 2010 ஆகஸ்ட்டில் சன் சீ கப்பலில் 492 தமிழர் வந்தபோது, அவர்கள் கரையிறங்கும் முன்பே பயங்கரவாதிகள் பற்றிய பேச்சு அரசிடமிருந்து வந்தது. அதற்குப் பிறகு பலர் மாதக்கணக்கில் தடுப்பில் இருந்தார்கள். அதை நாங்கள் மறக்கக்கூடாது.

இலங்கையிலிருந்து வந்தவர்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டியது குடிவரவுச் சட்டத்தின் 34ஆம் பிரிவில். பயங்கரவாத அமைப்பு ஒன்றில் உறுப்பினராக இருந்தவர் கனடாவில் அனுமதி பெறுவதை அது தடுக்கிறது. உறுப்பினர் என்ற சொல்லுக்கு நீதிமன்றங்கள் மிகப் பரந்த பொருள் கொடுத்திருக்கின்றன. எத்தனை ஆண்டு கழிந்தாலும் அது காலாவதியாவதில்லை. புலிகள் அமைப்பைக் கனடா 2006இல்தான் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டது என்றாலும், அதற்கு முந்திய தொடர்பும் கேள்விக்கு வரும். கட்டாயத்தின் பேரில் பதுங்குகுழி வெட்டியவர், உணவு கொண்டுபோனவர் எல்லோரும் படிவத்தை நிரப்பும் முன்பே குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் முழுவதையும் சொல்லுங்கள். "அதை எழுதாதே, யாருக்குத் தெரியப்போகிறது" என்று சொல்லும் முகவரை நம்பாதீர்கள். பொய்த் தகவல் கொடுத்தது தெரியவந்தால் 40ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுத் தடை. பின்புலப் படிவம் பத்து ஆண்டு வரலாற்றை இடைவெளியின்றிக் கேட்கிறது. வேலையில்லாமல் இருந்த மாதங்களையும் எழுதுங்கள்.

தாமதமானால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். உங்களைப் பற்றிய கோப்பின் பிரதியைத் தனியுரிமைச் சட்டத்தின்கீழ் இலவசமாகக் கேட்கலாம். தகவல் பெறும் சட்டத்தின்கீழ் கேட்டால் 5 டொலர். பதிலுக்கான சட்டபூர்வக் கெடு 30 நாள், ஆனால் அதை நீட்டிக்க இடமுண்டு. குடிவரவுத் திணைக்களத்திடமும் எல்லை முகவரகத்திடமும் தனித்தனியே கேளுங்கள். பல வரிகள் மறைக்கப்பட்டிருக்கும். இருந்தாலும் கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்பது பெரும்பாலும் புலப்படும். உங்கள் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினரின் அலுவலகமும் விசாரித்துச் சொல்லும். நியாயமற்ற தாமதம் என்றால், முடிவெடுக்கும்படி உத்தரவிடக் கோரிக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போகலாம். அது ஒரு முடிவைப் பெற்றுத்தரும்; சாதகமான முடிவைத்தான் என்று சொல்ல முடியாது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் அதே நீதிமன்றத்தில் மீளாய்வு கோர, கனடாவுக்குள் எடுத்த முடிவுக்கு 15 நாள், வெளியே எடுத்த முடிவுக்கு 60 நாள் மட்டுமே.

சி.எஸ்.ஐ.எஸ். நடந்துகொண்ட விதம் பற்றிய முறைப்பாட்டை முதலில் அதன் பணிப்பாளருக்கு எழுத வேண்டும். திருப்தி இல்லையென்றால் 2019இல் உருவான தேசிய பாதுகாப்பு, உளவு மீளாய்வு முகவரகத்துக்குக் கொண்டுபோகலாம். எல்லை அதிகாரிகளின் நடத்தை பற்றிய முறைப்பாடுகளை ஆராயச் சுயாதீன ஆணைக்குழு அமைக்கும் சட்டம் 2024இல்தான் நிறைவேறியது. இவ்வளவு காலம் பிந்தியது எனக்கு வேதனை தருகிறது. முறைப்பாடு செய்வதென்றால் நாள், நேரம், இடம், அதிகாரியின் இலக்கம் எல்லாம் வேண்டும், அன்றே குறித்துவையுங்கள்.

சி.எஸ்.ஐ.எஸ். நேர்காணலுக்கு அழைப்பு வந்தால் போகாமல் விடாதீர்கள். சட்டத்தரணியிடம் பேசிவிட்டுப் போங்கள், தமிழ் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள், கேட்ட கேள்விகளை வீட்டுக்கு வந்ததும் எழுதி வையுங்கள்.